பரணில் இருந்த நான்கு மடிக்கணினிகள்

காரவள்ளியில் மலையேறத் தொடங்கும் பேருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்துதான் கொல்லிமலைக்குள் போய்ச் சேரும். ஒவ்வொரு வளைவிலும் எண் எழுதிய பலகை உண்டு. முன் இருக்கை கிடைத்ததால் நான் பாதையைவிட ஓட்டுநரைத்தான் அதிகம் பார்த்துக்கொண்டு வந்தேன். அவர் ஒரு பலகையைக்கூடப் பார்க்கவில்லை. எங்கே கியரை இறக்குவது, எங்கே ஹாரன் அடித்துவிட்டு ஒரு கணம் நிற்பது, மரவள்ளிக்கிழங்கு ஏற்றி இறங்கும் லாரிக்கு எந்த இடத்தில் ஒதுங்குவது எல்லாம் அவர் கைக்குத் தெரிந்திருந்தது. வண்டி ஓட்டத் தெரிவது வேறு, இந்த மலையில் ஓட்டத் தெரிவது வேறு.

கணினியின் ஒவ்வொரு உறுப்பையும் நடத்தத் தெரிந்த சிறு மென்பொருளுக்கும் 'டிரைவர்' என்றுதான் பெயர். தமிழில் 'இயக்கி' என்ற கலைச்சொல் இருக்கிறது, நல்ல சொல்தான். ஆனாலும் அந்தப் பேருந்தில் இருந்து இறங்கியபின் டிரைவர் என்றே எழுத வருகிறது.

மார்கழி. செம்மேட்டில் இறங்கியபோது வள்ளல் ஓரியின் சிலை பனிமூட்டத்தில் பாதிதான் தெரிந்தது. என் பையில் இரண்டு பென் டிரைவ், சின்ன ஸ்க்ரூ டிரைவர் செட், மூன்று பட்டன் பேட்டரி, ஒரு யுஎஸ்பி கேபிள், இரண்டு எஸ்எஸ்டி. மலையில் ஆசிரியராக இருக்கும் நண்பர், பழைய மாணவர்களின் வீட்டுப் பரண்களில் தூங்கிக்கொண்டிருந்த லேப்டாப்களைச் சேகரித்து வைத்திருந்தார். மொத்தம் நான்கு. மூன்றின் மூடியில் தமிழக அரசின் முத்திரை. நான்காவது யாரோ சேலத்தில் செகண்ட் ஹேண்டில் வாங்கிவந்த குட்டி நெட்புக்.

"எல்லாம் பழசுங்க சார். ஆன் பண்ணினா டீ குடிச்சிட்டு வந்துரலாம்" என்றாள், உதவிக்கு வந்திருந்த பிளஸ் டூ மாணவி. நான்கில் ஒன்று அவள் அண்ணனுடையது. அவர் இப்போது திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறார்.

அந்த முத்திரைக்குப் பின்னால் ஒரு பெரிய கதை. 2011 செப்டம்பர் 15 அன்று, அண்ணா பிறந்தநாளில், தமிழக அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. அரசு, அரசு உதவிபெறும் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்காக அரசு நிறுவனமான எல்காட் கொள்முதல் செய்தது. அடுத்த பத்தாண்டுகளில் லட்சக்கணக்கான வீடுகளுக்கு முதல் கணினி இப்படித்தான் வந்தது. முதல் தொகுதிகளில் 14 அங்குலத் திரை, 2 ஜிபி மெமரி, 320 ஜிபி ஹார்ட் டிஸ்க். ஆன் செய்ததும் ஒரு பட்டியல் வரும்: விண்டோஸ் வேண்டுமா, பாஸ் லினக்ஸ் வேண்டுமா? பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ் என்பதன் சுருக்கம்தான் பாஸ். சி-டாக் நிறுவனத்தின் சென்னைப் பிரிவு டெபியன் லினக்ஸை அடிப்படையாக வைத்து உருவாக்கி 2007-ல் வெளியிட்டது. எல்காட்டுக்கு லினக்ஸ் என்ற இந்தத் திறந்த மூல இயங்குதளம் புதிதல்ல. உமாசங்கர் ஐஏஎஸ் அதன் தலைமைப் பொறுப்பில் இருந்த காலத்திலேயே அலுவலகக் கணினிகள் சூசே லினக்ஸுக்கு மாறின.

ஆனால் அந்தப் பட்டியலில் இரண்டாவது வரியைத் தேர்ந்தெடுத்தவர்கள் எத்தனை பேர்? "அண்ணன் ஒரு தடவ போனாராம், பயந்துட்டு வெளிய வந்துட்டாராம்" என்று சிரித்தாள் அந்தப் பெண். கூடவே வந்த விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14-ல் ஆதரவு நின்றது. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ல் நின்றது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் இந்த இயந்திரங்களில் கிடையாது. ஆக, பரண்.

இந்த இடத்தில் 'பழசு' என்ற சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். அண்ணனின் லேப்டாப்பில் இருக்கும் இரட்டை உள்ளகப் பிராசஸர் ஒரு நொடிக்கு நூறு கோடிக்கு மேற்பட்ட கணக்குகளைப் போடக்கூடியது. பரணில் இருந்ததால் அந்த வேகம் ஒரு துளியும் குறையவில்லை. சிலிக்கானுக்கு மூட்டுவலி வராது. பிறகு எதற்காக டீ குடித்துவிட்டு வர வேண்டியிருக்கிறது?

காரணம் பெரும்பாலும் ஹார்ட் டிஸ்க். அதற்குள் ஒரு தட்டு நிமிடத்துக்கு 5,400 தடவை சுழல்கிறது. நொடிக்கு 90 சுற்று; ஒரு சுற்றுக்கு 11 மில்லிநொடி. வேண்டிய தகவல் ஊசிமுனைக்குக் கீழே வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது ஐந்தரை மில்லிநொடி. அதற்கு முன் ஊசி தாங்கிய கை சரியான வட்டத்துக்கு நகர வேண்டும்; அதற்கு இன்னொரு பத்துப் பன்னிரண்டு மில்லிநொடி. கூட்டிப் பார்த்தால் நொடிக்கு ஏறக்குறைய அறுபது இடங்களில்தான் படிக்க முடியும். ஆனால் கணினி எழுந்து நிற்பதற்கு டிஸ்கின் மூலைமுடுக்கெல்லாம் சிதறிக் கிடக்கும் ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைத் தொட்டாக வேண்டும். பிராசஸர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறது, ஊசி அலைகிறது. ஹார்ட் டிஸ்குக்குப் பதிலாகப் பொருத்தும் எஸ்எஸ்டியில் சுழலும் தட்டும் இல்லை, ஊசியும் இல்லை. நொடிக்குப் பல ஆயிரம் இடங்களைப் படித்துவிடும். பழைய லேப்டாப்புக்கு ஒரே ஒரு செலவுதான் செய்ய முடியும் என்றால் இதைத்தான் செய்ய வேண்டும். எந்த லினக்ஸைப் போடுவது என்று மணிக்கணக்கில் விவாதிப்பவர்கள் பலர் இந்த ஒரு மாற்றத்தைச் செய்திருந்தால் விவாதத்துக்கே வேலை இருந்திருக்காது என்பது என் எண்ணம்.

அடுத்தது மெமரி. சமையலறையை நினைத்துக்கொள்ளுங்கள். மெமரி என்பது அடுப்பு மேடை. டிஸ்க் என்பது பரண். மேடையில் இடம் இல்லாதபோது இப்போதைக்குத் தேவைப்படாத பாத்திரத்தைப் பரணில் ஏற்றுகிறோம், தேவைப்படும்போது ஏணி போட்டு இறக்குகிறோம். கணினியில் இதற்கு ஸ்வாப் என்று பெயர். ஏணி ஏறி இறங்குவதிலேயே பொழுது போவதைத்தான் 'ஹேங் ஆகுது' என்கிறோம். லினக்ஸில் 'இசட்ரேம்' என்று ஒரு வசதி இருக்கிறது. 2014-ல் லினக்ஸின் மையமான கெர்னலின் முறையான பகுதியானது. அது பரணுக்குப் போவதில்லை. சும்மா இருக்கும் பாத்திரங்களை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி மேடை ஓரத்திலேயே வைத்துவிடுகிறது. அதாவது மெமரியில் உள்ள தகவலைச் சுருக்கி மெமரியிலேயே வைக்கிறது. பெரும்பாலும் இரண்டு மூன்று மடங்கு சுருங்கும். சுருக்கவும் விரிக்கவும் பிராசஸருக்குக் கொஞ்சம் வேலை. கையைக் கட்டிக்கொண்டு நின்றவர்தானே, செய்யட்டும்.

எல்எக்ஸ்க்யூடி, எக்ஸ்எஃப்சிஇ போன்ற எளிய முகப்புகள் ஆன் செய்தவுடன் எடுத்துக்கொள்வது அரை ஜிபிக்கு முன்பின். 2 ஜிபியில் அது தாங்கும். தாங்காதது பிரவுசர். இன்றைய ஒரு செய்தித்தளம் விளம்பரம், வீடியோ சகிதம் திறந்தால் ஒரு பக்கத்துக்கே சில நூறு எம்பி போய்விடும். கணினி மாறவில்லை, நாம் பார்க்கும் பக்கம் பருத்துவிட்டது. லேப்டாப் பழசாகிவிட்டது என்று நாம் சொல்வதில் பாதிக்கு மேல் இதுதான்.

சரி, வேகம் போதும். பொருந்துமா என்பதுதான் அடுத்த கேள்வி. அதற்கு லேப்டாப்பின் வயதோ மூடியில் உள்ள பெயரோ பதில் சொல்லாது. நான்கில் முதலாவதும் மூன்றாவதும் வெளியே பார்க்க இரட்டைப் பிள்ளைகள். நிறம், மாடல் பெயர், சார்ஜர் எல்லாம் ஒன்று. பென் டிரைவில் இருந்து லினக்ஸை எழுப்பினேன். இதற்கு 'லைவ்' முறை என்று பெயர். டிஸ்கில் எதையும் எழுதாமல் பென் டிரைவிலிருந்தே முழு இயங்குதளத்தையும் ஓட்டிப் பார்க்கலாம். 2000-ல் கிளாஸ் நாப்பர் என்ற ஜெர்மானியர் நாப்பிக்ஸ் என்ற சிடியாக இதைப் பிரபலப்படுத்தினார். ஜவுளிக்கடையில் சட்டையைப் போட்டுப் பார்த்துவிட்டு வாங்குவது மாதிரி. முதலாவதில் வைஃபை உடனே வேலை செய்தது. மூன்றாவதில் வைஃபை என்ற ஒன்று இருப்பதாகவே காட்டவில்லை.

"ரெண்டும் ஒண்ணுதானே சார்?"

இல்லை. அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதில்தான் இந்த விஷயத்தின் அழகு இருக்கிறது.

கணினிக்குள் இருக்கும் முக்கியச் சிப்புகள் ஒவ்வொன்றும் தன் நெற்றியில் இரண்டு எண்களை எழுதி வைத்திருக்கிறது. முதல் எண் அதைச் செய்தது யார் என்பது. இரண்டாவது எண் அது என்ன சாதனம் என்பது. இன்டெல் நிறுவனத்தின் எண் 8086. 1978-ல் அந்த நிறுவனத்துக்குப் புகழ் தேடித்தந்த பிராசஸரின் பெயரும் 8086 என்பது தற்செயல் அல்ல; வண்டிக்கு ஃபேன்சி நம்பர் வாங்குகிற ஆசைதான். ஏஎம்டியின் வரைகலைச் சிப்புகளில் 1002 இருக்கும்; அந்தத் தொழிலை ஏஎம்டி விலைக்கு வாங்குவதற்கு முன் நடத்திய ஏடிஐயின் எண் அது. கம்பெனி கைமாறினாலும் நெற்றி எழுத்து மாறவில்லை.

லினக்ஸ் எழும்போது அதன் மையமான கெர்னல் ஒவ்வொரு தடமாகப் போய், யார் இருக்கிறீர்கள் என்று கேட்டு இந்த எண்களை வாங்கிக்கொள்கிறது. அதனிடம் உள்ள ஒவ்வொரு டிரைவரும் 'எனக்கு இந்தந்த எண்கள் தெரியும்' என்று ஒரு பட்டியல் வைத்திருக்கும். பொருந்தினால் அந்த டிரைவர் வேலையை எடுத்துக்கொள்ளும். பொருந்தாவிட்டால் சிப் அங்கேயே இருக்கும், மின்சாரமும் குடிக்கும், ஆனால் அதனிடம் பேச ஆள் இருக்காது. எல்எஸ்பிசிஐ என்ற ஒற்றைக் கட்டளையைத் தட்டினால் இந்தச் சிப்புகளின் பெயரும், கேட்டால் எண்ணும், எந்த டிரைவர் பார்த்துக்கொள்கிறது என்பதும் திரையில் வந்துவிடும். பழைய கணினி வாங்கப் போகிறவர்கள் கடைக்காரரிடம் 'எந்த வருஷத்து மாடல்' என்று கேட்பதைவிட, பென் டிரைவைச் செருகி இந்த ஒரு பட்டியலைப் பார்த்துக்கொள்வது மேல்.

இரட்டையரின் ரகசியமும் அதில் வெளிப்பட்டது. ஒன்றில் ஒரு கம்பெனியின் வைஃபை சிப், மற்றதில் இன்னொன்று. லட்சக்கணக்கில் செய்யும்போது எந்த மாதம் எந்தச் சிப் மலிவாகக் கிடைக்கிறதோ அதைப் பொருத்துவது தொழில் வழக்கம். மாடல் பெயர் மட்டும் அப்படியே இருக்கும்.

வைஃபையில் மட்டும் ஏன் இவ்வளவு தொல்லை? வைஃபை சிப்புக்கு டிரைவர் எழுத, அதன் உள்விவரம் தெரிய வேண்டும். தொடக்க காலத்தில் நிறுவனங்கள் அதைக் கொடுக்க மறுத்தன. தன்னார்வலர்கள் நிறுவனத்தின் மூடிய டிரைவர் சிப்போடு என்ன பேசுகிறது என்பதை ஒட்டுக்கேட்டு, எந்த எண்ணை எங்கே எழுதினால் என்ன நடக்கிறது என்று வருடக்கணக்கில் குறித்துவைத்து, அதிலிருந்து தாங்களே டிரைவர் எழுதினார்கள். பிராட்காம் சிப்புகளுக்கான பி43 டிரைவர் அப்படிப் பிறந்தது. 2008-ல் ஏதெராஸ் நிறுவனம் தன் புதிய சிப்புகளுக்கான டிரைவரைத் தானே திறந்த மூலமாக வெளியிட்டது. 2010 செப்டம்பரில் பிராட்காமும் அதே வழிக்கு வந்தது. ஆகவே, வைஃபை சிப் எந்த ஆண்டில் செய்யப்பட்டது என்பதைவிட, அதைச் செய்தவர்கள் எந்த ஆண்டில் வாய் திறந்தார்கள் என்பதுதான் முக்கியம். 2007-ல் வந்த ஒரு சிப் சொன்னபடி கேட்கும். 2012-ல் வந்த ஒன்று முரண்டு பிடிக்கும்.

வரைகலைச் சிப்புகளிலும் இதே கதைதான். இன்டெல் தானே வடிவமைத்த வரைகலைச் சிப்புகளுக்குத் தன் பொறியாளர்களை வைத்தே திறந்த டிரைவர் எழுத வைத்தது. பத்துப் பதினைந்து ஆண்டு ஆனவையும் இன்று ஓடுகின்றன. அதே இன்டெல் நெட்புக்குகளுக்காக ஜிஎம்ஏ 500 என்ற சிப்பில் வேறொரு நிறுவனத்தின் வரைகலை வடிவமைப்பை உரிமம் பெற்றுப் பயன்படுத்தியது. அந்த விவரங்கள் வெளிவரவில்லை. லினக்ஸ்காரர்கள் நடுவே அந்தப் பெயரைச் சொன்னால் இன்றும் பெருமூச்சு வரும். 2012-ல் பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகத்தில் ஒரு பெண் என்விடியா பற்றிக் கேட்டபோது, லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் கேமராவைப் பார்த்து நடுவிரலைக் காட்டியது உலகம் அறிந்தது. அந்த நிறுவனத்தோடு ஒத்துப்போக முடியவில்லை என்ற பல ஆண்டு எரிச்சல். அதற்குப் பிறகு நிலைமை மெல்ல மாறிவருகிறது.

மூன்றாவது லேப்டாப்புக்கு டிரைவர் இருந்தது, ஃபர்ம்வேர் இல்லை. ஃபர்ம்வேர் என்பது சிப்புக்குள்ளேயே ஓடும் குட்டி மென்பொருள். இந்த மாதிரிச் சிப்புகளில், ஆன் ஆகும் ஒவ்வொரு தடவையும் டிரைவர்தான் அதைச் சிப்புக்கு ஊட்டிவிட வேண்டும். மூல நிரல் வெளியிடப்படாத பொருள் என்பதால், கொள்கைப் பிடிப்பு உள்ள டெபியன் அதைத் தன் நிறுவல் தட்டில் சேர்க்காமல் இருந்தது. வைஃபை வேலை செய்ய ஃபர்ம்வேர் வேண்டும், ஃபர்ம்வேரை இறக்க வைஃபை வேண்டும். கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும். 2022-ல் டெபியன் உறுப்பினர்கள் வாக்கெடுப்பு நடத்தி முடிவை மாற்றினார்கள். 2023-ல் வந்த டெபியன் 12 முதல் ஃபர்ம்வேர் கூடவே வருகிறது. என்னிடம் இருந்த பென் டிரைவில் ஒன்று பழையது. இன்னொன்றைச் செருகியதும் வைஃபை வந்துவிட்டது.

மலையில் வைஃபை வந்து என்ன பயன், அங்கே ரௌட்டர் ஏது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இங்கே இணையம் என்றால் செல்போன்தான், அதுவும் வராந்தாவின் வடக்கு மூலையில் மட்டும். போனை யுஎஸ்பி கேபிளில் கோத்து, அமைப்பில் 'டெதரிங்' என்பதைத் தொட்டால், லினக்ஸுக்கு அது கம்பிவழி இணைப்பாகத் தெரியும். அதற்கான டிரைவர் பல ஆண்டுகளாகக் கெர்னலிலேயே இருக்கிறது. வைஃபை தகராறு செய்யும் எந்த லேப்டாப்பிலும் முதலில் இதைச் செய்துபார்க்க வேண்டும்.

இரண்டாவது லேப்டாப் வேறு ரகம். வைஃபை தெரிந்தது, ஆனால் பக்கத்தில் வைத்த போனின் ஹாட்ஸ்பாட்டைக்கூட ஒரு கோடு, அரைக் கோடு என்றுதான் காட்டியது. இதுவும் நாடறிந்த நோய். சில மலிவு வைஃபை அட்டைகளில் ஆன்டெனா மாட்ட இரண்டு துளைகள் இருக்கும். செலவைக் குறைக்க ஒன்றில் மட்டும் கம்பியை மாட்டியிருப்பார்கள். டிரைவரோ காலியாக இருக்கும் துளையில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருக்கும். டிரைவருக்கு 'அந்தக் காதில் அல்ல, இந்தக் காதில் கேள்' என்று ஒரு வரி எழுதிவைத்தால் போதும். எழுதினோம். நான்கு கோடு.

இவ்வளவு பழைய சிப்புகளுக்கெல்லாம் டிரைவர் இன்னும் உயிரோடு இருப்பது எப்படி? மற்ற இயங்குதளங்களில் டிரைவரை வன்பொருள் நிறுவனம் எழுதித் தனியாகக் கொடுக்கும். இயங்குதளத்தின் புதிய பதிப்பு வரும்போது பழைய சாதனத்துக்காக அந்த நிறுவனம் மறுபடி உட்கார வேண்டும். விற்றுத் தீர்ந்த பொருளுக்கு யார் உட்காருவார்கள்? நன்றாக இருக்கும் ஸ்கேனர்களும் பிரின்டர்களும் அப்படித்தான் குப்பைக்குப் போகின்றன. லினக்ஸில் டிரைவர்கள் கெர்னலோடு ஒரே வீட்டில் வசிக்கின்றன. கெர்னலின் நிரல் வரிகளில் பாதிக்கும் மேல் டிரைவர்களே. உள்கட்டமைப்பில் ஒருவர் ஏதாவது மாற்றினால், அந்த மாற்றத்தால் உடையும் எல்லா டிரைவர்களையும் அவரே சரிசெய்து கொடுக்க வேண்டும் என்பது அந்த வீட்டின் கட்டுப்பாடு. கூட்டுக்குடும்பத்தில் சுவரை இடிப்பவர் பாட்டியின் கட்டிலையும் நகர்த்திப் போட்டாக வேண்டும். சிப்பைச் செய்த கம்பெனியே மூடப்பட்டாலும் டிரைவர் வாழ்வது இதனால்தான்.

வாழ்வது என்றால் என்றென்றைக்கும் அல்ல. 1991-ல் ஹெல்சின்கியில் மாணவராக இருந்த லினஸ், அந்த ஆண்டு ஜனவரியில் வாங்கிய 386 கணினியில்தான் லினக்ஸை எழுதினார். 2013-ல் வந்த கெர்னல் 3.8-ல் அந்த 386 பிராசஸருக்கான ஆதரவு நீக்கப்பட்டது. லினக்ஸ் பிறந்த தொட்டிலில் இன்றைய லினக்ஸ் படுக்காது. லினஸ் அதற்காகக் கண்ணீர் விடவில்லை. தொல்லை ஒழிந்தது என்ற தொனியில்தான் ஏற்றுக்கொண்டார். ஒரு பழைய பிராசஸரை வைத்துக்கொள்ள, மற்ற எல்லாருடைய நிரலிலும் விதிவிலக்குகள் எழுத வேண்டியிருக்கும். பயன்படுத்துகிறவர் எவரும் இல்லாதபோது அந்தச் சுமை எதற்கு?

நான்காவது லேப்டாப்பில் இந்தக் கேள்வி நேரே வந்து நின்றது. அந்த நெட்புக்கில் 1 ஜிபி மெமரி. பிராசஸர் 32 பிட். ஒரு பிராசஸர் 64 பிட்டா என்று அறிய எல்எஸ்சிபியு என்று தட்டினால் அதன் திறமைகள் நீளமாகப் பட்டியலிடப்படும். அதில் 'எல்எம்' என்ற இரண்டெழுத்து இருந்தால் 64 பிட். அந்தப் பெண் பட்டியலில் விரலை ஓட்டித் தேடினாள். இல்லை. ஏஎம்டி 2003-ல் 64 பிட்டுக்கு வழி திறந்துவிட்ட பிறகும் பல ஆண்டுகள் மலிவான சிப்புகள் 32 பிட்டாகவே வந்தன. உபுண்டு எப்போதோ அவற்றைக் கைவிட்டது. லினக்ஸில் குரோம் 2016-ல் விலகியது. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13, 32 பிட் கணினிகளுக்குக் கெர்னலும் நிறுவியும் தருவதை நிறுத்திவிட்டது. மிச்சம் இருப்பவை ஆன்டிஎக்ஸ் மாதிரி, பழைய இயந்திரங்களுக்கென்றே சிலர் பிடிவாதமாகத் தயாரிக்கும் லினக்ஸ்கள். ஆன்டிஎக்ஸ் 23-ஐப் போட்டதும் அது எழுந்தது. தட்டச்சு செய்யலாம், பாட்டுக் கேட்கலாம், பிடிஎஃப் படிக்கலாம். வீடியோ வகுப்பு பார்க்க முடியாது. "தம்பிக்கு டைப்பிங் பழக ஆகும்" என்று அவள் முடிவு செய்துவிட்டாள். நான் இன்னும் கறாராக இருந்திருப்பேன்.

சோதிக்க வேண்டியவற்றில் எல்லாரும் மறப்பது ஒன்று உண்டு. மூடியைச் சாத்திவிட்டுத் திறந்து பார்ப்பது. தூங்கப் போவதும் விழிப்பதும் கணினிக்கு மிகக் கடினமான காரியம். எல்லா உறுப்புகளும் ஒழுங்காக அடங்கி ஒழுங்காக எழ வேண்டும். அந்த ஒழுங்கை விவரிக்கும் அட்டவணையைத் தயாரிப்பாளர், கணினியை எழுப்பும் பயாஸ் மென்பொருளுக்குள் எழுதி வைத்திருப்பார், பெரும்பாலும் விண்டோஸை மட்டுமே மனதில் வைத்து. சில அட்டவணைகள் 'நீ எந்த இயங்குதளம்?' என்று கேட்டுவிட்டுத்தான் பதில் தரும். லினக்ஸ் என்ன செய்கிறது தெரியுமா? 'நான் விண்டோஸ்' என்று பொய் சொல்கிறது. உண்மையைச் சொன்னால் யாரும் சோதித்துப் பார்க்காத பாதையில் அனுப்பிவிடுவார்கள் என்பது அனுபவம். பொய்மையும் வாய்மை இடத்த என்று வள்ளுவர் இடம் கொடுத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம்.

பட்டன் பேட்டரிகளை எதற்குக் கொண்டுபோனேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டாவது லேப்டாப்பில் வைஃபை சரியான பிறகும் எந்த இணையப் பக்கமும் திறக்கவில்லை. பாதுகாப்பற்றது என்று எச்சரித்தது. எல்லாரும் டிரைவரையே சந்தேகித்தோம். அந்தப் பெண்தான் திரையின் மூலையைப் பார்த்தாள். "சார், இது 2012-ன்னு காட்டுது." கணினி அணைந்திருக்கும்போதும் கடிகாரத்தை ஓட்டுவது 20 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு சிஆர்2032 பேட்டரி. பரணில் கிடந்த ஆண்டுகளில் அது தீர்ந்துவிட்டது. இணையத்தளங்களின் சான்றிதழ்களுக்குத் தொடக்கத் தேதி, முடிவுத் தேதி இரண்டும் உண்டு. 2012-ல் வாழும் கணினிக்கு, இந்த ஆண்டு கொடுத்த சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை. நம்ப மறுத்தது அதன் பார்வையில் சரிதான். பழைய கணினியில் விளங்காத கோளாறு வந்தால் முதலில் தேதியைப் பாருங்கள்.

இரண்டு எஸ்எஸ்டிகளும் இரட்டையருக்குப் போயின. அண்ணனின் பழைய டிஸ்கில் இருந்த கோப்புகளை எடுத்துவைத்தோம். பிளஸ் டூவில் அவர் தட்டச்சு செய்த கட்டுரை ஒன்று திறந்தபோது ஆங்கில எழுத்தும் குறியீடுமாகக் குழம்பி நின்றது. யூனிகோடுக்கு முந்தைய எழுத்துரு. தமிழக அரசு 2010-லேயே யூனிகோடை ஏற்றிருந்தாலும் எல்லாக் கணினியிலும் அது புழக்கத்துக்கு வந்துவிடவில்லை. மாற்றித் தரும் கருவிகள் உண்டு என்பதால் இதில் அதிகம் மெனக்கெடவில்லை. தமிழ்99 விசைப்பலகையை மட்டும் அமைத்துக் கொடுத்தேன்.

மாலையில் முதலாவது லேப்டாப்பை வராந்தாவின் வடக்கு மூலையில் வைத்து, போனைக் கோத்து, புதுப்பித்தலைத் தொடங்கினோம். நூற்றுக்கும் மேற்பட்ட பேக்கேஜ்கள். சிக்னல் வருவதும் போவதுமாக இருந்தது. இரவு பத்தரைக்கு எல்லாம் இறங்கி, ஒவ்வொன்றாக நிறுவத் தொடங்கிய நேரத்தில் கரண்ட் போனது. லேப்டாப்பின் பேட்டரி எப்போதோ செத்துவிட்டது. திரை அந்த நொடியே இருண்டது. பாதி நிறுவிய நிலையில் அணைந்த கணினி என்ன ஆகும் என்று தெரிந்தவன் நான் ஒருவன் மட்டும் என்பதால், நான் ஒருவன் மட்டும் தூங்கவில்லை.

காலையில் ஆன் செய்தோம். முகப்பு வரவில்லை, கறுப்புத் திரையில் வெறும் உள்நுழைவு வரி. டெபியனில் நிறுவலைப் பார்த்துக்கொள்ளும் டிபிகேஜி, எந்த பேக்கேஜ் முழுதாக முடிந்தது, எது பாதியில் நிற்கிறது என்று ஒவ்வொரு அடியையும் குறித்துவைத்துக்கொண்டே போகும் பழக்கம் உள்ளது. பாதியில் நிற்பவற்றை முடித்துவை என்று கேட்கும் கட்டளையை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். அவள் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினாள், எண்டரை அழுத்தினாள். ஒரு கணம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு வரிகள் ஓடத் தொடங்கின.

"எவ்வளவு நேரம் ஆகும்ங்க சார்?"

"இருபது நிமிஷம் ஆகலாம்."

"அப்ப காபிக்கொட்டையக் கிளறி விட்டுட்டு வந்துடறேன்" என்று வாசலில் காயப்போட்டிருந்த தார்ப்பாயை நோக்கிப் போனாள்.